வேகமான பத்திரிகை அச்சுக்கு எந்தப் பிளேட்? மட்டக்களப்பு, அம்பாறை அச்சகங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மணிக்கு 20,000 முதல் 35,000 பிரதி வரை ஓடும், ஒற்றை அகல வெப் ஓப்செட் மெஷின்களை (உருளைத் தாளில் அடிப்பவை) மனதில் வைத்தே இங்குள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பிளேட் என்பது பக்கத்தின் படத்தைத் தாங்கி மெஷின் சிலிண்டரில் ஏறும் தகடு. ஷீட் (தனித்தாள்) மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் தண்ணீர், வெளிச்சம், களஞ்சியம் பற்றிய பதில்கள் அப்படியே பொருந்தும்.

பிளேட் வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்? எத்தனை இலட்சம் ஓடும் என்பதையா?

இல்லை. விற்பனைக்காரர் முதலில் சொல்வது அதைத்தான். ஆனால் கிழக்கில் ஒரு வாரப் பத்திரிகையோ பிராந்தியப் பதிப்போ சில ஆயிரம் பிரதிகளோடு முடிந்துவிடும். போட்டோபொலிமர் (வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சுள்ள) பிளேட், சூளையில் சுட்டு இறுக்காமலே சாதாரணமாக ஒன்றரை, இரண்டு இலட்சம் ஓடும். சாதாரண பி.எஸ். (ஒளியுணர் பூச்சை முன்கூட்டியே பூசி வரும்) பிளேட்டே ஒழுங்காகச் செய்தால் ஒரு இலட்சத்துக்குக் கிட்டப் போகும். 10,000 பிரதி அடிக்கிற இடத்தில் அந்த ஆயுளுக்குக் காசு கொடுப்பது வீண்.

நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. கடைசிப் பக்கம் கைக்கு வந்ததிலிருந்து பிளேட் மெஷினில் ஏறும்வரை எத்தனை நிமிடம்? மெஷின் தொடங்கி எத்தனையாவது பிரதியில் பின்னணி (எழுத்தும் படமும் இல்லாத இடம்) மை பிடிக்காமல் சுத்தமாகிறது? உங்கள் தண்ணீருக்கும் ஈரக் காற்றுக்கும் பிளேட் தாக்குப்பிடிக்குமா? பெட்டி முடிந்தால் அடுத்த பெட்டி எத்தனை நாளில் கொழும்பிலிருந்து வரும்? விலையை இந்த நான்கிற்கும் பிறகு பேசுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு கணக்கு. மணிக்கு 30,000 என்றால் நிமிடத்துக்கு 500 பிரதி. 35க்கு 56 செ.மீ. பக்கம், 16 பக்கம், 45 கிராம் தாள் என்று எடுத்தால் ஒரு பிரதி ஏறக்குறைய 70 கிராம். பின்னணி சுத்தமாக ஒரு நிமிடம் கூட எடுத்தால் 35 கிலோ நியூஸ்பிரிண்ட் குப்பைக்குப் போகிறது. மலிவான பிளேட்டில் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

வேகம் கூடினால் பிளேட்டுக்கு அப்படி என்ன வித்தியாசம்?

ஒற்றைச் சுற்றளவு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு ஒரு பிரதி. மணிக்கு 30,000 ஓடினால் செக்கனுக்கு எட்டுக்கு மேற்பட்ட தடவை பிளேட்டின் மடிப்பு (சிலிண்டரில் மாட்ட வளைத்த விளிம்பு) பிளாங்கெட்டின் (பிளேட்டிலிருந்து மையை வாங்கித் தாளில் பதிக்கும் ரப்பர் விரிப்பு) அழுத்தத்தைக் கடக்கிறது. 560 மி.மீ. வெட்டு நீளமென்றால் தாள் நிமிடத்துக்கு 280 மீற்றர் போகும். ஆகவே படப்பகுதி தேய்வதற்கு முன்னரே மடிப்பு வெடிப்பதுதான் வேகமான மெஷினில் வழமையான சாவு. அடுத்தது, பின்னணியில் மை பிடிக்காமல் காக்கும் தண்ணீர் விரிந்து படியக் கிடைக்கும் நேரம் குறைகிறது. பிளேட்டின் சொரசொரப்பு சீராக இல்லையென்றால் மெதுவாக ஓடும்போது தெரியாத அழுக்கு, வேகம் ஏற்றியவுடன் கோடு கோடாக வரும். மாதிரிப் பிளேட்டை மணிக்கு 10,000இல் ஓட்டிப் பார்த்து “நல்லா இருக்கு” என்று முடிவெடுக்க வேண்டாம்.

சந்தையில் என்னென்ன வகை இருக்கின்றன?

எல்லாமே சொரசொரப்பாக்கி அனோடைஸ் செய்த (மின்முறையில் மேற்பரப்பை இறுக்கிய) அலுமினியத் தகடுதான். மேலுள்ள பூச்சும் அதை எரிக்கும் (அதில் படம் பதிக்கும்) ஒளியும்தான் வேறு.

சாதாரண பி.எஸ். பிளேட், பிலிம் வைத்துப் புற ஊதா வெளிச்சத்தில் எரிப்பது. பொசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் உண்டு. கல்முனை, மட்டக்களப்பு ஷீட் அச்சகங்களுக்கு நன்றாகத் தெரிந்த பிளேட் இது. இதையே பிலிம் இல்லாமல் கணினியிலிருந்து நேரே எரிக்கும் புற ஊதா செட்டர்களும் இருக்கின்றன.

வயலட் போட்டோபொலிமர், 405 நனோமீற்றர் லேசருக்கானது. நெகட்டிவாக வேலை செய்யும். வெளிச்சம் பட்ட இடம் இறுகிப் படமாகும். மிகக் குறைந்த சக்தியே போதும் என்பதால் செட்டர் வேகமாக ஓடும், லேசர் டயோடும் மலிவு. பத்திரிகை அலுவலகங்கள் இதை விரும்பியதற்குக் காரணம் அதுதான். எரித்தபின் 100 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலே சூடாக்கி, கழுவி, டெவலப்பரில் (வேண்டாத பூச்சைக் கரைக்கும் மருந்து) விட்டு, கம் (பாதுகாப்புப் பசை) பூச வேண்டும். டெவலப்பருக்குப் பதிலாகக் கம்மிலேயே சுத்தமாக்கும் வகையும் உண்டு. அக்ஃபா கொண்டுவந்த என்95-விசிஎஃப் அப்படிப்பட்டது.

தேர்மல், 830 நனோமீற்றர் அகச்சிவப்பு லேசருக்கானது. புள்ளி கூர்மையாக வரும், வயலட்டைப்போல் மஞ்சள் வெளிச்சத்திலேயே கையாள வேண்டிய தொல்லை குறைவு. செட்டரின் லேசர் தலை விலை கூடியது.

புரொசெஸ்லெஸ், தேர்மலில் எரித்துவிட்டு நேரே மெஷினில் ஏற்றுவது. கோடக் சொனோரா இந்த வகை.

ஒன்றை மறக்க வேண்டாம்: வயலட் செட்டரில் தேர்மல் பிளேட் எரியாது, தேர்மல் செட்டரில் வயலட் எரியாது. பழைய செட்டர் ஒன்றை மலிவாக வாங்கும் அன்றே இனி எந்தப் பிளேட் வாங்கப்போகிறீர்கள் என்பது முடிவாகிவிடும். ஆகவே செட்டர் விலையைக் கேட்கும் முன் அதற்குரிய பிளேட்டை கொழும்பில் எத்தனை பேர் இருப்பில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒருவர்தான் என்றால் யோசிக்க வேண்டும்.

எங்களுக்கு எது பொருத்தம்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

கிழமைக்கு ஒன்று, இரண்டு இதழ் மட்டும் என்றால் புற ஊதா செட்டரும் பி.எஸ். பிளேட்டும், தினமும் இரவில் அடிப்பதென்றால் வயலட், முடிந்தால் கம்மில் சுத்தமாகும் வகை.

மருந்தே வேண்டாத புரொசெஸ்லெஸ் பிளேட் இங்கு எடுபடுமா?

டெவலப்பர் இல்லை, புரொசெசர் (டெவலப் செய்யும் இயந்திரம்) இல்லை, கழிவு இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டெவலப் ஆகும் வேலை மெஷினுக்குள்தான் நடக்கிறது: தண்ணீர் பூச்சை இளக்கும், மையின் பசை அதைப் பிடுங்கும், பிளாங்கெட் வழியாகத் தாள் கொண்டுபோகும். இதற்குத் தண்ணீர் ரோலர்கள் சீராக இருக்க வேண்டும். பிரஷ் டம்பனிங் (தூரிகையால் தண்ணீர் தெளிக்கும் முறை) உள்ள பழைய யூனிட்டில், ஓரத்துக்குத் தண்ணீர் குறைவாகப் போகும் இடத்தில், பூச்சு கழலாமல் நிற்கும்.

இரண்டாவது பிரச்சினையைப் பலர் முன்கூட்டி யோசிப்பதில்லை. எரித்த படம் பிளேட்டில் மங்கலாகத்தான் தெரியும். நள்ளிரவில், அவசரத்தில், மூன்றாம் பக்கச் சிவப்பை ஆறாம் பக்க யூனிட்டில் மாட்டிவிடுவார்கள். மடிப்பு விளிம்பில் பக்க எண்ணும் நிறமும் எரியும்படி வார்ப்புருவிலேயே வைத்துவிட வேண்டும். எரித்தபின் வெள்ளை வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதைப் பெட்டியோடு வரும் தாளில் பாருங்கள். பிளேட்டுக்குப் பிளேட் மாறும். கம் பூச்சு இல்லாததால் வியர்வைக் கை பட்டாலும் அடையாளம் விழும். நல்ல நிலையிலுள்ள மெஷினுக்கு நல்ல பிளேட். தேய்ந்த மெஷினைத் திருத்துவதற்கு இது வழியல்ல.

ஒரு இதழுக்கு எத்தனை பிளேட், எவ்வளவு நேரம்?

ஒற்றை அகல, ஒற்றைச் சுற்றளவு மெஷினில் பக்கத்துக்கு ஒரு நிறத்துக்கு ஒரு பிளேட். 16 பக்கத்தில் 8 பக்கம் நிறம் என்றால் 8 × 4 = 32, கறுப்பு மட்டும் உள்ள பக்கங்களுக்கு 8, மொத்தம் 40. கீறல், மடிப்புப் பிழைக்காக இரண்டு மூன்று மேலதிகம் ஒதுக்குங்கள். மணிக்கு 40 எரிக்கும் செட்டரென்றால் ஒரு மணித்தியாலம்.

நேரத்தைத் தீர்மானிப்பது மொத்தக் கணக்கல்ல, கடைசிப் பக்கம். அதற்கு நான்கு பிளேட்: எரிக்க 6 நிமிடம், கடைசிப் பிளேட் புரொசெசரைக் கடக்க 2, மடித்து ஏற்ற 4 அல்லது 5. முதற்பக்கத்தைப் பிந்தித் தருபவர்களிடம் இந்தக் கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டிக் காட்டலாம். எல்லாவற்றையும் 2400 டி.பி.ஐ.யில் எரிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். 100 கோட்டு ஸ்கிரீனுக்கு (படத்தை அங்குலத்துக்கு 100 வரிசைப் புள்ளிகளாக்குவது) 1270 தாராளமாகப் போதும்.

0.28 மி.மீ. பிளேட் மலிவாகக் கிடைக்கிறது. 0.30க்குப் பதிலாகப் போடலாமா?

அடியில் வைக்கும் பக்கிங்கையும் 0.02 மி.மீ. கூட்டினால் போடலாம். கூட்டாவிட்டால் பிளேட்டுக்கும் பிளாங்கெட்டுக்கும் இடையிலான அழுத்தம் குறையும். அந்த அழுத்தமே மொத்தத்தில் 0.10 மி.மீ. அளவுதான், அதில் ஐந்தில் ஒன்று போனால் முழு நிறப் பகுதிகள் மாவு தூவியதுபோல் வரும். எந்தப் பெட்டி வந்தாலும் ஒரு பிளேட்டை எடுத்து நான்கு மூலையும் மைக்ரோமீற்றரால் அளந்து பெட்டியில் எழுதுங்கள். இரண்டு தடிப்பை ஒரே இதழில் கலக்கவே கூடாது.

பிளேட் மடிப்பில் வெடிக்கிறது. பிளேட் பிழையா?

பெரும்பாலும் இல்லை. முதலில் மடிப்பானைப் பாருங்கள். மடிப்புக் கோணம் சிலிண்டர் விளிம்போடு ஒட்டாவிட்டால் அந்த இடத்தில் பிளேட்டுக்கு அடியில் சிறு இடைவெளி நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது அமுங்கி எழும்பும். செக்கனுக்கு எட்டுத் தரம் அப்படி வளைந்தால் அலுமினியம் எத்தனை நேரம் தாங்கும்?

200 பிரதி ஓடியதும் மெஷினை நிறுத்தி, பாதுகாப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, முன் மடிப்புக்கு அருகே பெருவிரலால் அழுத்துங்கள். அசைந்தால் அது நாளைக்கு வெடிக்கும் இடம். ஒரே யூனிட்டில், ஒரே பக்கத்தில் மட்டும் தொடர்ந்து வெடித்தால் பூட்டுப் பட்டையின் ஸ்பிரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது சிலிண்டர் இடுக்கில் காய்ந்த மை கட்டியாக நிற்கலாம். எல்லா யூனிட்டிலும் வெடித்தால் மட்டும் பிளேட்டைச் சந்தேகியுங்கள்: தகட்டை உருட்டிய திசை சிலிண்டரைச் சுற்றிப் போக வேண்டும். குறுக்காக வெட்டிய பிளேட் மடிப்புக் கோட்டிலேயே பிளக்கும். பெரிய பிளேட்டை வாங்கி வந்து தாங்களே வெட்டும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும்.

மஞ்சள் பல்ப் போட்டிருக்கிறோம். ஆனாலும் பின்னணி முழுவதும் இலேசாக மை பிடிக்கிறது.

மஞ்சளாகத் தெரியும் எல்லா பல்ப்பும் நீலத்தைத் தடுக்காது. வெள்ளை எல்.ஈ.டி.க்கு மஞ்சள் பெயின்ற் அடிப்பது, மெல்லிய மஞ்சள் பொலித்தீன் சுற்றுவது எல்லாம் வயலட் பிளேட்டுக்குப் போதாது. சோதிப்பது சுலபம்: எரிக்காத பிளேட் ஒன்றை வேலை மேசையில் வைத்து, பாதியைத் தடித்த கறுப்பு அட்டையால் மூடி, 15 நிமிடம் விட்டு, டெவலப் செய்யுங்கள். வயலட் நெகட்டிவ் என்பதால் இரண்டு பாதியும் வெறும் அலுமினியமாக வர வேண்டும். மூடாத பாதியில் இலேசான நிறம் நின்றால் வெளிச்சம்தான் குற்றவாளி. பொசிட்டிவ் பி.எஸ். பிளேட்டில் இது தலைகீழ்: வெளிச்சம் பட்டால் படம் மெலியும், பின்னணி சுத்தமாகவே இருக்கும். அதனால் அங்கே பிழை வெளியே தெரியாது. பாதி ஓட்டத்தில் எழுத்து கரையும்போதுதான் தெரியவரும்.

தண்ணீர் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறார்கள்?

ஏனென்றால் இங்கே “பிளேட் சரியில்லை” என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி தண்ணீரில் முடிகிறது. கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலுக்கும் களப்புக்கும் அருகே மணலில் தோண்டிய கிணறுகளில் சுண்ணாம்பும் உப்பும் இருக்கும். கோடை நீளும்போது உப்பு ஏறும், மாரியில் கிணறு நிரம்பியதும் இறங்கும். ஆகவே மெஷின் தண்ணீரில் கலக்கும் கரைசலுக்கு மே மாதம் சரிசெய்த அளவு டிசம்பரில் பொருந்தாது. உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கிணற்றைவிட நிதானமானது. ஆனால் அதையும் அளக்காமல் நம்ப வேண்டாம்.

சுண்ணாம்பு கூடினால் பிளாங்கெட்டிலும் ரோலரிலும் வெள்ளைப் படிவு வரும். மை ரோலர் மையை எடுக்காமல் வழுக்கும். பிளேட்டில் படம் குருடாகும், அதாவது மை ஏற்காது. உப்பு கூடினால் அலுமினியம் அரிக்கும்: மெஷின் சிறிது நேரம் நின்று மீண்டும் ஓடும்போது பின்னணியில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகள் வரும். துடைத்தாலும் போகாது.

செய்ய வேண்டியது: ஆர்.ஓ. வடிகட்டி போடுங்கள். ஆனால் ஆர்.ஓ. தண்ணீருக்கென்று செய்த கரைசலையே வாங்குங்கள்; அல்லது ஓரளவு கடினம் திரும்பச் சேருங்கள். மொத்தக் கடினம் லீற்றருக்கு 90 முதல் 180 மி.கி. வரை இருந்தால் நல்லது. முழுக்க மென்மையான தண்ணீரில் சாதாரணக் கரைசல் போட்டால் மை தண்ணீருக்குள் கலந்து குழம்பும், தாளிலிருந்தும் சுண்ணாம்பை இழுக்கும். அமிலக் கரைசலில் பி.எச். 4.8க்கும் 5.3க்கும் இடையில் நிற்கட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் வெறும் தண்ணீரின் மின்கடத்துதிறனையும் கலந்த கரைசலின் மின்கடத்துதிறனையும் அளந்து கொப்பியில் எழுதுங்கள். பி.எச். மட்டும் பார்த்தால் போதாது. அது தாங்கல் இரசாயனத்தால் அசையாமல் நிற்கும். அளவு கூடியதோ குறைந்ததோ காட்டாது.

மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகிறது. பிளேட்டா, எழுத்துருவா?

9 பொயின்ற் எழுத்தில் புள்ளியின் விட்டம் கால் மில்லிமீற்றர் அளவு. 100 கோட்டு ஸ்கிரீனின் 3 சதவீதப் புள்ளி 50 மைக்ரோன். அதாவது எழுத்துப் புள்ளி அதைவிட ஐந்து மடங்கு பெரியது. படத்தின் வெளிச்சப் பகுதியில் 3 சதவீதம் நிற்கும்போது எழுத்தின் புள்ளி மட்டும் போகிறதென்றால் பிளேட்டில் பிழையில்லை. பக்க வடிவமைப்பில் எழுத்து சாம்பல் நிறமாக அல்லது நான்கு நிறக் கறுப்பாக வந்திருக்கும். இரண்டும் சேர்ந்து போனால் பொசிட்டிவ் பிளேட்டில் வெளிச்சமோ டெவலப்போ கூடிவிட்டது. நெகட்டிவில் வெளிச்சம் குறைந்துவிட்டது. “கல்முனை” என்பது “கலமுனை” ஆகிப் போனால் வாசகர் சிரித்துவிட்டு விடுவார். மரண அறிவித்தலில் பெயர் அப்படிப் போனால் விட மாட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ண, ணை, ஞ போன்றவற்றின் சுழிகள் மையால் அடைபடும். நெகட்டிவ் பிளேட்டில் வெளிச்சம் கூடினால், அல்லது மை கூடினால் அப்படி வரும். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து போடுவதானால் 12 பொயின்ற்றுக்குக் குறையாத தடித்த எழுத்து, ஒரே நிறப் பின்னணி என்று விளம்பரப் பகுதியிடம் சொல்லிவிடுங்கள்.

நல்ல எண்கள் எவை?

பத்திரிகைக்கான ஐ.எஸ்.ஓ. 12647-3 தரத்தில் ஸ்கிரீன் செ.மீ.க்கு 40 கோடு, அதாவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 100. நடுத்தொனியில் புள்ளிப் பெருக்கம் (அச்சில் புள்ளி பருப்பது) 26 சதவீதம். நான்கு நிறமும் சேர்ந்த மை அளவு 240 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிளேட்டில் 50 சதவீதக் கட்டத்தைத் தினமும் அளந்து, உங்கள் வழமையான எண்ணிலிருந்து 2க்கு மேல் அசைந்தால் மெஷினைத் தொடாமல் டெவலப்பரைப் பாருங்கள்.

டெவலப்பர் பிளேட் போடாமலே கெட்டுப்போகுமா?

போகும். காரம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி வலு இழக்கும். கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் வேலை செய்யும் அச்சகத்தில், ஓடிய பிளேட்டைவிட ஓடாத நாட்கள்தான் டெவலப்பரைக் கொல்கின்றன. மூடியை மூடி வையுங்கள், நாள் கணக்குக்கும் புதுக்கரைசல் சேருங்கள். தொட்டிச் சூட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில், பெரும்பாலும் 23 முதல் 25 பாகைக்குள் வையுங்கள். அறை 32 பாகையில் இருக்கும் ஊரில் தொட்டிக்குச் சூடாக்கியைவிடக் குளிரூட்டிதான் முக்கியம். பாவித்த புரொசெசர் வாங்கும்போது குளிரூட்டி வேலை செய்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

பெட்டிகளை எங்கே, எப்படி வைப்பது?

தரையிலிருந்து ஓரடி உயரத்தில், படுக்கையாக, 25 பாகைக்கு அருகே, ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள். மூடிய லொறியில் 300 கிலோமீற்றருக்கு மேல் வெயிலில் வந்த பெட்டியை அன்றே உடைக்க வேண்டாம். ஒரு நாள் அறையில் கிடக்கட்டும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் உடனே திறந்தால் பிளேட்டில் வியர்வை பூக்கும். மாரியில் ஒட்சியேற்றப் புள்ளிகள் வருவது பெரும்பாலும் இப்படித்தான். கோடையில் வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் வேறு தொல்லை: நிறுத்தத்தில் பிளேட் சீக்கிரம் காய்ந்து, மீண்டும் ஓட்டும்போது அழுக்கேறும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் கம் பூசுங்கள்.

பழையது முதலில் போகும்படி அடுக்கி, எப்போதும் ஒரு மாதத்துக்குரிய இருப்பு வையுங்கள். வெள்ளம் பாதையை மறித்தால் லொறி எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது.

மின்வெட்டில் பிளேட் புரொசெசருக்குள் நின்றுவிட்டால்?

அந்தப் பிளேட்டை எறியுங்கள். டெவலப்பருக்குள் இரண்டு நிமிடம் நின்ற பிளேட் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மெல்லிய தொனிகள் போயிருக்கும். செட்டர், அதன் கணினி, புரொசெசர் மோட்டார் மூன்றுக்கும் யூ.பி.எஸ். வேண்டும், சூடாக்கியை ஜெனரேற்றருக்கு விடலாம். மின் வந்ததும் சூடு சரியான அளவுக்கு வரும்வரை பிளேட் விடக் கூடாது. காற்றுக் கொம்ப்ரசரின் தண்ணீர்ப் பொறியையும் தினமும் திறந்து வடியுங்கள். இந்த ஊர்க் காற்றில் அது ஒரே நாளில் நிரம்பும்; ஒரு துளி செட்டருக்குள் போனால் செலவு பிளேட் விலையில் நிற்காது.

புதிய பிராண்டை எப்படிச் சோதிப்பது?

ஒரு பெட்டி மட்டும் வாங்குங்கள். ஒரே பக்கத்தின் கறுப்பைப் பழைய பிளேட்டில் ஒன்று, புதியதில் ஒன்று எரித்து, ஒரே யூனிட்டில் இடமும் வலமுமாக மாட்டுங்கள். முழு வேகத்தில் ஓட்டி, சுத்தமான முதல் பிரதியின் எண்ணை இரண்டு பக்கத்துக்கும் குறியுங்கள். பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எந்தப் பக்கம் முதலில் அழுக்கேறுகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் நிறுத்தி மீண்டும் ஓட்டுங்கள். இதையே மாரியில் ஒரு தரமும் கோடையில் ஒரு தரமும் செய்தபின்தான் பெரிய ஓடர் கொடுக்க வேண்டும்.

பாவித்த டெவலப்பரையும் பிளேட்டையும் என்ன செய்வது?

டெவலப்பர் கடும் காரம். களப்புக்கோ வடிகானுக்கோ கிணறுள்ள வளவுக்கோ ஊற்றக் கூடாது. மூடிய கொள்கலனில் சேர்த்து, இரசாயனக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள். பிளேட் நல்ல அலுமினியம். 0.30 மி.மீ. தகடு சதுர மீற்றருக்கு 0.8 கிலோ; 40க்கு 60 செ.மீ. பிளேட் ஐந்து சேர்ந்தால் ஒரு கிலோ. மையைத் துடைத்து, இடையில் வரும் தாளை நீக்கிக் கட்டினால் பழைய இரும்புக்காரர் கூடுதல் விலை தருவார். நிறுப்பதை நீங்களே பாருங்கள்.